சடையில் மாட்டிய ஈ

"ஆடாதீங்க... கொஞ்சம் ஆடாம நில்லுங்க..."

பின்னாலிருந்து யாரோ திடீரென்று இப்படிச் சொன்னால் யார்தான் ஆடாமல் நிற்பார்கள்? அவள் வெடுக்கென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் சடை சுரீரென்று இழுபட்டு, வலி உச்சந்தலை வரை ஏறியது.

ஓடையில் முழங்கால் ஆழத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் நீளமான தூண்டில் கோல். கோலின் நுனியிலிருந்து கிளம்பிய மெல்லிய நரம்பு தூறலில் மினுமினுத்துக்கொண்டே கரைக்கு வந்து, ஒற்றையடிப் பாதையையும் தாண்டி... அவளுடைய சடையில் போய் முடிந்திருந்தது. வீசுவதற்காகக் கோலைப் பின்னால் இழுக்கும்போது, பின்னால் ஆள் வருகிறதா என்று ஐயா பார்க்கவில்லை.

"மீனெல்லாம் தண்ணிக்குள்ளதான் சார் இருக்கும்," என்றாள்.

"மன்னிச்சுக்கங்க... நான் இதுக்குப் புதுசு..."

"அது தெரியுது."

அவன் அவசரமாகக் கரையேறப் பார்த்து, பாசியில் வழுக்கி, ஒரு கையை ஊன்றி எழுந்து வந்தான். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. அதைக் கழற்றித் துடைத்தபோதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள்... பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல மிரண்டு போயிருந்தன. கோபத்தை இன்னும் கொஞ்ச நேரமாவது இறக்கிவிடக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாட்டிய இடத்தில் கொஞ்சம் முடியை வெட்டிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சடையைத் தடவினாள். விரல் நுனியில் அது தட்டுப்பட்டது. அதன் கழுத்தில் நூல் முடிந்திருந்த விதம், நெஞ்சில் சுற்றியிருந்த முயல் ரோமத்தின் பருமன்... அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது.

அது அவளே கட்டிய ஈ.

இந்த இடத்தில் ஈக்காரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆமாம், ஊர் அவளுக்கு வைத்த பெயர் அதுதான். அந்த ஓடையில் ட்ரௌட் மீன் பிடிக்கப் புழு கோக்கக் கூடாது. தண்ணீரில் பிறந்து வளரும் பூச்சிகளைப் போலவே, சின்ன முள்ளில் நூலும் ரோமமும் இறகும் சுற்றிப் பொய் ஈ கட்டி வீச வேண்டும். கரையோரத்து ஊரில் தூண்டில் கடை வைத்திருந்தவர் அவளுடைய அப்பா. அந்தக் கடையின் மூலையில் உட்கார்ந்து ஈ கட்டுகிறவள் அவள். வேறொருத்தியாக இருந்தால் ஈக்காரி என்று கூப்பிட்டதற்கு மூக்கைச் சிந்தியிருப்பாள். இவள் அதைக் கடைப் பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டாள். அவள் கட்டிய ஈ ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்வார். அவள் காதில் விழாதது போல் இருப்பாள்... விழும்.

அவன் சட்டைப் பையிலிருந்து மெல்லிய இடுக்கி ஒன்றை எடுத்தான். அவள் பின்னால் வந்து நின்றான். கழுத்துக்கருகில் ஒரு மூச்சுக்காற்று... மிக ஜாக்கிரதையான விரல்கள்... அவள் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஈ கழன்று வந்தது. ஒரு முடி அறுபடவில்லை. ஈயின் ஓர் இழைகூடக் கலையவில்லை. கை வேலை தெரிந்த ஆள்தான் என்று மனசு சொல்லிற்று. அவள் அதை வெளியே சொல்லவில்லை.

ஈயை வாங்கி, கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பளபளவென்று மின்னியது.

"இதுக்கு மேல என்ன தடவினீங்க?"

"மிதக்கிறதுக்குப் போடற பசை. தூண்டில் சங்கத்துல இந்த ஈயை வாங்கின நாள்லேர்ந்து பாதி முங்குது... அதனால முழுக்கத் தடவிட்டேன்."

"பாதி முங்கணும்னுதான் கட்டியிருக்கேன்."

அவன் விழித்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில், நனைந்துகொண்டே பாடம் நடத்தினாள். பூச்சி தண்ணீருக்கு அடியில் வளர்கிறது. பறக்கும் வயது வந்ததும் மேலே எழும்பி வருகிறது. நீர்மட்டத்தில் பழைய தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் அந்தக் கொஞ்ச நேரம், அதனால் நீந்தவும் முடியாது, பறக்கவும் முடியாது. வால் தண்ணீருக்குள், நெஞ்சும் சிறகும் தண்ணீருக்கு மேல். மீன் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அதைப் போலக் கட்டுகிற ஈக்கு எமர்ஜர் என்று பெயர். கடையில் நாங்கள் பாதி ஈ என்போம். சிறகுக்கு வாத்தின் வாலடியில் எண்ணெய் சுரக்கும் இடத்து இறகு வைத்திருக்கிறது, அது தானே மிதக்கும். அதன் தலையில் பசையைக் கொட்டினால் ஈரத் துணியாக ஒட்டிக்கொள்ளும். உடம்பிலும் தடவினால் செத்த ஈ மாதிரி மல்லாந்து மிதக்கும். மீன் என்ன மடையனா?

அவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். ஆனால் பார்வை ஈயின் மேல் இல்லை. நீட்டிய அவள் கையின் மேலேயே இருந்தது. கடைசியில் வாயைத் திறந்தான்... திறக்காமல் இருந்திருக்கலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கிட்ட இருக்கிறது உங்களுக்குச் சரியாத் தெரியலை. ஒருதரம் கண்ணைக் காட்டிக்கிறது நல்லது."

ஈக்காரி சிவந்துபோனாள். தன் கண்ணில் கோளாறு என்றால் அவன் சட்டைப் பையிலுள்ள பெட்டிக்குள் இருக்கும் ஈக்களெல்லாம் எப்படி வந்தன என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பாதையில் விடுவிடென்று நடந்தாள். சடையில் அவன் விரல் பட்ட இடம் மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

மறுநாள் கடையைத் திறந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த எதிர்க்கடையில் புதுப் பலகை. மூக்குக்கண்ணாடிக் கடை. ஜன்னலோரத்து மேசையில், குனிந்து எதையோ திருகிக்கொண்டு... அவனேதான்.

"பாத்தியாம்மா... கண்ணு டாக்டர்," என்றார் அப்பா. அவருக்குக் கண்ணாடி விற்பவனும் கண் பார்ப்பவனும் ஒன்றுதான். "நம்ம வம்சத்துல யாரும் கண்ணாடி போட்டதில்லை. இவருக்கு நம்மகிட்ட வேலை இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் செய்தித்தாளை இரண்டு கைகளையும் முழுக்க நீட்டிப் பிடித்திருந்தார். கல்லாவில் இருந்த அம்மா, இனிமேல் எதிர்க்கடையில் பேப்பரைப் பிடிக்கச் சொல்லி இங்கிருந்தே படிக்கலாம் என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே... கொஞ்ச காலமாகவே மேசை இடுக்கியில் மாட்டிய முள் அவளுக்குப் பனிக்குள் இருப்பது போலத்தான் தெரிகிறது. விளக்கை மாற்றிப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதையே விட்டுவிட்டு விரலை நம்ப ஆரம்பித்தாள். விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நூலின் இறுக்கம், ரோமத்தின் பருமன், இறகு நிற்கும் கோணம்... எல்லாம். கண்ணாடி போட்டால் ஊர் என்ன சொல்லும்? ஈக்காரிக்குக் கண் போய்விட்டது என்று சொல்லும். 

கண்ணாடிக்காரர் அந்த வாரமே கடைக்கு வந்தார். ஈ வேண்டுமாம். போன வாரம் வாங்கியது மரத்தில் மாட்டிக்கொண்டதாம். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார், மறுபடி மரம். இப்படியே போனால் ஓடைக்கரை மரத்திலெல்லாம் ஈ காய்க்கும் என்று அம்மா முணுமுணுத்தாள். ஓடையின் நடுவில் நின்று வீசுகிறவருக்கு எந்த மரம் இத்தனை கிட்டத்தில் வருகிறது என்று அவளும் யோசித்தாள். யோசித்துக்கொண்டே, அவர் வரும் நேரத்துக்குச் சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். அவர் என்ற மரியாதை எப்போது வந்து சேர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பாடம் மட்டும் நிற்கவில்லை. மீன் வாய் வைத்த இடத்தில் குமிழி நின்றால் அது மேலே மிதந்த ஈயைத் தின்றிருக்கிறது, காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. குமிழியே இல்லாமல் முதுகு மட்டும் தெரிந்து தண்ணீர் சுழித்தால்... அது மட்டத்துக்குக் கீழே பாதி ஈயைப் பிடித்திருக்கிறது. அப்போதுதான் பாதி ஈயை நரம்பில் கட்ட வேண்டும் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கண் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அந்த நல்ல புத்தியை அவள் மனசுக்குள் மெச்சினாள்.

ஒரு சாயங்காலம் முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்த கால்சட்டையும் விரிக்காத குடையுமாக தெருவைக் குறுக்கே ஓடி வந்தார். மூச்சிரைத்தது. கடையில் ஆள் இருந்ததையும் பார்க்கவில்லை.

"குமிழி இல்லை... முதுகு மட்டும் தெரிஞ்சுது... உங்க ஈயைப் போட்டேன்... பிடிச்சுடுச்சு."

"மீன் எங்க?"

"விட்டுட்டேன். அழகா இருந்துது. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு... ஓடி வந்துட்டேன்."

அவருடைய கண்ணாடியில் மழை. அதற்குப் பின்னால் அந்தக் கண்கள் சிரித்தன... அவளுக்குள் எதுவோ தலைகீழாகப் புரண்டது. தன் ஈயில் அவர் பிடித்த முதல் மீன் என்ற பெருமையா, அதைச் சொல்ல இவ்வளவு தூரம் ஓடி வந்தாரே என்ற பெருமையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும்தான் என்று அன்றைக்குத் தூங்கப் போகும்போது ஒத்துக்கொண்டாள்.

போகிற அவசரத்தில் அவர் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் மதியம் குடையை எடுத்துக்கொண்டு அவள் முதல் தடவையாகத் தெருவைக் கடந்தாள். ஆள் அனுப்பிக் கொடுத்தால் போதாதா என்று அப்பா கேட்டதற்கு, கால் மரத்துப்போச்சு, நடந்தால் சரியாகும் என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

கண்ணாடிக்காரர் உள்ளறையில் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் உக்காருங்க, வந்துடறேன்," என்று குரல் மட்டும் வந்தது. அவள் ஜன்னலோரத்து மேசையருகே போனாள். இங்கிருந்து தன் கடை எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆசை. நன்றாகவே தெரிந்தது... அவளுடைய நாற்காலி நேர் எதிரே.

திரும்பும்போது மேசையைப் பார்த்தாள். வளைந்த கழுத்துள்ள பெரிய பூதக்கண்ணாடி ஒன்று. அதன் கீழே சின்னப் பிடியில் ஓர் ஈ. பக்கத்தில் மெல்லிய ஊசி. அதன் அருகில் திறந்து கிடந்த ஒரு பெட்டி முழுக்க ஈக்கள்... தூண்டில் சங்கத்துச் செயலாளருக்கு அவள் போன மாதம் கட்டிக் கொடுத்த அதே பெட்டி.

குனிந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

ஈ கட்டி முடித்ததும் கடைசியாக ஒரு வேலை உண்டு. தலையில் நூல் அவிழாமல் இருக்க, ஊசி நுனியால் ஒரு சொட்டு வார்னிஷ் வைப்பது. சொட்டு நூலின் மேல்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னால் தள்ளி விழுந்தால், நரம்பு கோக்கிற முள்ளின் காது அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்த ஈயை யாரும் நரம்பில் கட்ட முடியாது. ஈ கட்டப் பழகும் கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு அது. அவளே எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

பிடியில் இருந்த ஈயின் காது அடைந்திருந்தது. பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதுவும். இன்னொன்று. அதுவும்தான். விரலுக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தாளே... இது தெரியவில்லை.

அவர் வெளியே வந்து அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"முதல்ல வாங்கினதுலேயே ரெண்டு மூணு அப்படித்தான் இருந்துது. நானே ஊசியால எடுத்துட்டேன். செயலாளர் கண்ணாடி மாத்த வந்தப்ப இதைக் காட்டினார். திருப்பிக் கொடுக்கலாம்னுதான் இருந்தாராம்... நான் சரி பண்ணித் தரேன்னு சொல்லிட்டேன். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அவரும்..."

"என் மனசைப் பத்திக் கவலைப்பட இத்தனை பேர். என் வேலையைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை."

"முதல் நாள் சொன்னதுக்கே நீங்க..."

"அன்னிக்கு என் கையைப் பாத்துச் சொன்னீங்க. கோவம் வந்துது, போயிட்டேன். இந்தக் காதைக் காட்டிச் சொல்லியிருந்தா இதே நாற்காலியில வந்து உக்காந்திருப்பேன்."

 அவரிடம் இருந்த ஒரே பதிலைச் சொல்லும் தைரியம் இல்லை. நீங்கள் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் நான் தாங்க மாட்டேன் என்பதை ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான், அதுவும் பெட்டி நிறைய அடைபட்ட ஈயை வைத்துக்கொண்டு... அவள் குடையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணீர் வாசலைத் தாண்டிய பிறகுதான் வந்தது, அதுவரை அவள் வரவிடவில்லை.

கடைக்குப் போனதும் ஈ வைத்திருந்த இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்தாள். எது நல்லது, எது அடைபட்டது என்று பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அம்மாதான் தையல் ஊசியை ஒவ்வொன்றின் காதிலும் நுழைத்துப் பார்த்தாள். நுழையாதது ஒரு குவியலாகச் சேர்ந்தது. அப்பா அதைப் பார்க்க மாட்டேன் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வார்னிஷ்தான் மட்டம், கம்பெனி ஏமாற்றிவிட்டான் என்றார். அது எடுபடாமல் போனதும், நடந்தது நடந்துவிட்டது, சத்தமில்லாமல் வேறு கட்டி வைத்துவிடு என்றார்.

அவள் ஓர் அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். நான் கட்டிய ஈயில் காது அடைந்தது இருந்தால் திருப்பிக் கொடுங்கள், வேறு கட்டித் தருகிறேன். கீழே ஈக்காரி என்று கையெழுத்துப் போட்டாள். கடை ஜன்னலில், தெருவைப் பார்க்க ஒட்டினாள்.

"கடை மானமே போச்சு," என்றார் அப்பா.

"என் பேரைச் சொல்லித்தானே பெருமைப்பட்டீங்க அப்பா? அந்தப் பேருக்கு நான்தான் பதில் சொல்லணும். ஊர் முதுகுக்குப் பின்னால பாவம்னு சொல்றதைவிட, முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்லட்டும்."

அப்பா பெண்ணைப் பார்த்தார். அப்புறம் அட்டையின் ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை என்று போய் அழுத்திவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, தெருவில் ஆள் நடமாட்டம் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் எதிர்க்கடைக்குப் போனாள். கூடவே அப்பா, காவலுக்கு. கண் பார்க்க வந்திருக்கிறேன் என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னாள், வேறு பேச்சு எதற்கும் இடம் கொடுக்காத குரலில்.  அவர் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். ஒரு வில்லையைப் போட்டார், எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். இது தெளிவா... இதுவா... என்று மட்டும் கேட்டார்.  பார்வை கெட்டுப்போகவில்லை, கிட்டத்து வேலைக்கு மட்டும் துணை வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

ஒரு வில்லையில் பனி சட்டென்று விலகியது.

முதலில் தெரிந்தவை அவருடைய விரல்கள். சட்டத்தைச் சரிசெய்ய முகத்தருகே வந்த விரல்கள். நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். நகக்கண்ணில் காய்ந்த வார்னிஷ் துணுக்குகள்... அவள் ஈக்களைச் சுரண்டிச் சுரண்டி வந்தவை. எத்தனை நாள் சாயங்காலம் இந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார்...  ஆனாலும் கோபம் போகவில்லை. அன்பு இருந்தால் சொல்லியிருக்கலாமே என்ற கோபம்... அது அன்பு கூடக்கூட வளரும் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அப்பா, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை யாரும் கேட்காமலே சத்தமாக வாசித்துக் காட்டினார். நம்ம வம்சத்துக் கண் எப்படி என்று காட்ட வேண்டாமா... கண்ணாடிக்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கிட்டத்தில் படிக்கிற சின்ன அட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அப்பா கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். கடைசியில் நாற்காலி காலியாகட்டும், நானும் உட்கார்கிறேன் என்றார்.

கண்ணாடி வந்ததும் ஈக்காரி மூலை மேசையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் அட்டையைப் பார்த்துச் சிலர் ஈ கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் தானே கை நீட்டி வாங்கினாள். செயலாளருக்குப் புதுப் பெட்டி கட்டி முடித்தபோது அப்பாவே அதைக் கொண்டுபோனார். திரும்பி வந்தவர், செயலாளர் ஒவ்வொரு காதிலும் நரம்பை விட்டுப் பார்த்ததையும், கடைசியில் எழுந்து நின்று கை கொடுத்ததையும் அன்று முழுக்கச் சொன்னார். அட்டை ஒட்டியதை இப்போது தன் யோசனை போலவே சொல்லிக்கொண்டார். அவள் மறுக்கவில்லை.

எதிர்ஜன்னலில் அவர் தினமும் தெரிந்தார். கடைக்கு மட்டும் வருவதில்லை. மரத்தில் ஈ மாட்டுவதும் நின்றுபோயிருக்க வேண்டும்... அவளுக்கு அந்த மரத்தின் மேல் கோபம் வந்தது. இப்படியே போனால் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இருக்காது என்று ஒரு நாள் தோன்றியது. தெருவைக் கடந்து போய் வாசலில் நின்றபடி, சாயங்காலம் ஓடைக்கு வாருங்கள் என்றாள். வரமுடியுமா என்று கேட்கவில்லை.

வானம் மூடியிருந்தது. விழுவதா வேண்டாமா என்று மெல்லிய தூறல். ஓடை முழுக்கப் பூச்சி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கரையில் குனிந்து தண்ணீரை விரலால் தொட்டாள். விரல் நுனியில் ஒரு பூச்சி ஏறிக்கொண்டது. முதுகில் தோல் பிளந்து, ஈரச் சிறகு கசங்கலாக வெளியே வந்துகொண்டிருந்தது... கண்ணாடி வழியாக ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. இத்தனை காலம் ஞாபகத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவர் பக்கத்தில் வந்து நின்று, எதுவும் கேட்காமல், அது பறந்து போகும் வரை கூடவே பார்த்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு பாதி ஈயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். காலையில் கட்டியது.

"பாத்துச் சொல்லுங்க."

"நல்லா..."

"நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு அப்பா இருக்காரு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் ஈயைக் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.  சொல்லலாமா, விட்டுவிடலாமா... அந்த மிரண்ட கண்களில் எல்லாமே எழுதியிருந்தது. சொல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கும் தனக்கும் இத்தோடு சரி என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். 

"இறகு ஒரு பக்கம் கொஞ்சம் நீளம்," என்றார் மெதுவாக. "தண்ணியில சாய்ஞ்சுதான் உக்காரும்."

அவளுக்குச் சுரீரென்றது. பழகிய கோபம், தடுக்குமுன்னே முகத்தில் ஏறிவிட்டது. ஈயை வெடுக்கென்று வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நீளம்தான். மயிரிழை அளவு... ஆனால் நீளம்தான். அவள் கைவேலையில் இதைக் கண்டுபிடிக்க ஊரில் வேறு யாரால் முடியும்? கழுத்தில் தொங்கிய கத்தரியை எடுத்து நறுக்கினாள். இறகுத் துணுக்கு காற்றில் போயிற்று.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள், கத்தரியை மடக்கிக்கொண்டே.

அவர் சிலையாக நின்றார். "குறை சொன்னதுக்கா?"

"என் கோவத்துக்குப் பயந்துகிட்டே சொன்னீங்களே... அதுக்கு. நான் கோச்சுக்குவேன். இனிமேலும் கோச்சுக்குவேன். அதுக்காக நீங்க ஒண்ணை மறைச்சீங்கன்னா அன்னிக்குத்தான் நிஜமாவே போயிடுவேன்."

"மறைக்க மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். மழைத்துளி அப்படியேதான் இருந்தது. "அப்படின்னா இதையும் சொல்லிடறேன்... நான் ஒரு ஈகூட மரத்துல விடலை. எல்லாம் வீட்டுலதான் இருக்கு. உங்க கடைக்கு வரதுக்கு எனக்கு வேற காரணம் கிடைக்கலை. உங்களைப் பாக்காத நாள்ல எனக்கு வேலை ஓடலை. எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்... ரொம்பப் பிடிக்கும்."

அவள் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். தூறல் கொஞ்சம் வலுத்தது. யாரும் குடையைத் தேடவில்லை.

அப்பாவிடம் தானே வந்து முறைப்படி பேசுவதாக அவர் சொன்னார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"நான் பேசிக்கறேன். கடையில நாலு பேர் இருக்கிற நேரமாப் பாத்துத்தான் சொல்லுவேன். ஈக்காரி வேலையில குறை சொல்ற தைரியம் இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான் இருக்கு... அவரைத்தான் கட்டிக்கப்போறேன்னு."

சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.